பக்கத்து இருக்கையின் பிரேக்

ஓட்டுகிறவரின் கால் போய்ச் சேர்வதற்குள் பக்கத்தில் இருப்பவரின் கால் பிரேக்கை மிதித்துவிட்டால், வண்டியை நிறுத்தியவர் யார்? அதைவிடச் சங்கடமான கேள்வி, ஓட்டுகிறவர் எதைக் கற்றுக்கொண்டார் என்பது. ஒரு மனிதர் இருபத்திரண்டு வருடங்கள் இந்தக் கேள்விகளின்மேல் உட்கார்ந்து பிழைத்தார். அவை கேள்விகள் என்று தெரியவந்தபோது அவருக்கு ஐம்பத்தொரு வயது. வலது முழங்கால் தேய்ந்திருந்தது. பதில் தேட மூன்று வாரம்தான் இருந்தது.

அவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் சொல்லிக்கொடுப்பவர். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முகத்துக்கு நேரே சார் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் மெதுவா சார் என்பார்கள். கிளட்சை விடும்போது மெதுவா, ஸ்டியரிங்கை வளைக்கும்போது மெதுவா, ஏற்றத்தில் மெதுவா, இறக்கத்தில் இன்னும் மெதுவா. பாடம் முடிந்து இறங்கிய ஒருவர் கதவைப் படாரென்று சாத்த, அதற்கும் வழக்கம்போல 'மெதுவா' என்று வாய் சொல்லிவிட, பெயர் நிலைத்துவிட்டது. அவருக்கும் அது தெரியும். இதைவிட மோசமான பட்டப்பெயரோடு காலம் தள்ளுகிறவர்கள் உண்டு என்று விட்டுவிட்டார்.

பள்ளி என்பது ஒரே அறை. பஞ்சர் கடைக்கும் நகலெடுக்கும் கடைக்கும் நடுவில் இருந்தது. ஒரு மேசை, நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள், அதில் ஒன்று சுவரில் சாய்ந்தால்தான் நிற்கும். சாலைக் குறியீடுகளின் அட்டையில் வெயில் பட்டுச் சிவப்பெல்லாம் ஆரஞ்சாகியிருந்தது. மூலையில், உடைத்த காரிலிருந்து எடுத்த ஸ்டியரிங் ஒன்றை மரச்சட்டத்தில் பொருத்தி வைத்திருந்தார்கள். முதல் நாள் ஆட்கள் அதைத் திருப்பிப் பழக வேண்டும். இந்த வண்டியிலேயே டெஸ்ட் வைத்தால் ஊரில் எல்லோரும் பாஸ் என்று முதலாளி ஒவ்வொரு புது ஆளிடமும் சொல்வார். மெதுவா சார் இருபத்திரண்டு வருடமாக அதற்கு ஒரு சிறு சிரிப்பு சிரித்தார். அதுவும் வேலையில் சேர்த்தி.

முதல் நாள் பாடம் எல்லோருக்கும் ஒன்றே. கதவைத் திறக்குமுன் பின்னால் வருகிறவரைப் பார்க்க வேண்டும். உட்கார்ந்ததும் கிளட்சை அடிவரை மிதித்துப் பார்க்க வேண்டும். அப்போதும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இருக்கையை முன்னுக்கு இழுத்துக்கொள்ள வேண்டும். தலைக்குப் பின்னாலுள்ள மெத்தை சாய்ந்து தூங்குவதற்கு அல்ல, பின்னாலிருந்து வண்டி இடிக்கும்போது கழுத்து ஒடியாமல் இருப்பதற்கு. அதைக் காது உயரத்துக்கு ஏற்ற வேண்டும். மூன்று கண்ணாடியிலும் தன் முகமே தெரிந்தால் ரோடு தெரியவில்லை என்று அர்த்தம். பெல்ட் வயிற்றின்மேல் அல்ல, இடுப்பெலும்பின்மேல் படிய வேண்டும். கைபிரேக் மேலே இருக்கிறதா, கியர் நடுவில் இருக்கிறதா, அதற்குப் பிறகுதான் சாவி. ஒரு நாளைக்கு ஏழு பேர். ஏழு பேருக்கும் அதே வரிசை, அதே இடத்தில் மூச்சு, அதே இடத்தில் நகைச்சுவை. இண்டிகேட்டர் என்று நினைத்துக் கண்ணாடி துடைப்பானைப் போட்டுவிடாத ஆள் கிடையாது. "திரும்பப் போறேன்னு சொல்லச் சொன்னா மழை வருதுன்னு சொல்றீங்களே" என்பார். பல் மருத்துவர் ஒருவர் கியரை இரு கையாலும் பற்றி இழுத்தபோது, ஆட்டினால் போதும் டாக்டர், பிடுங்க வேண்டாம் என்றார். இப்படிச் சில உண்டு. சொல்லிச் சொல்லி அவருக்கே அவை பல்பொடி மாதிரி ஆகிவிட்டிருந்தன. தினம் தேவை, ருசி கிடையாது.

பாதையும் ஒன்றே. பள்ளி வாசல், தண்ணீர்த் தொட்டி, அச்சகத்தின் நீண்ட மதில், ரவுண்டானா, மேம்பாலத்தின் ஏற்றம், திரும்பவும் வாசல். நாலரை கிலோமீட்டர். அந்த மதிலில் எந்தச் செங்கல் எங்கே பெயர்ந்திருக்கிறது என்று அவரால் கண்ணை மூடிச் சொல்ல முடியும். இரண்டாவது கியருக்கு மேலே அவர் வாழ்க்கை போனதே இல்லை என்று அவர் மனைவி சொல்வதில் மிகை அதிகம் இல்லை.

பள்ளியின் வெள்ளைக் காரில் பக்கத்து இருக்கையின் காலடியிலும் இரண்டு பெடல்கள் உண்டு, ஒரு கிளட்ச், ஒரு பிரேக். பட்டறையில் பற்றவைத்துப் பொருத்தியவை. டாஷ்போர்டுக்கு அடியில் குறுக்காக ஓடும் ஓர் இரும்புக் கம்பி அவற்றை ஓட்டுநரின் பெடல்களோடு சேர்க்கிறது. இவர் இங்கே மிதித்தால் அங்கேயுள்ள பெடலும் தானே கீழே இறங்கும். கற்றுக்கொள்கிறவர் தன் காலை அதன்மேல் சும்மா வைத்திருந்தால்கூட, அது தன் கால் அழுத்தித்தான் இறங்கியது என்றே நினைப்பார். வண்டியும் நிற்கும். நினைப்பைச் சந்தேகப்பட ஒரு காரணமும் இருக்காது.

அவருடைய வலது கால் அந்தப் பெடலுக்கு மேலே அரை அங்குல உயரத்தில், தொடாமல், நாள் முழுக்க நின்றது. காலையில் ஆறு மணிக்கு ஏறி நின்றால் மாலை ஆறரைக்குத்தான் இறங்கும். முழங்கால் தேய்ந்தது மிதித்ததால் இல்லை, மிதிக்காமல் காத்திருந்ததால் என்று டாக்டர் சொன்னார். பேருந்தில் போனால் கால் தரையை அழுத்தும். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதும், வெளியே ஹார்ன் சத்தம் கேட்டால் பாதம் கீழே போகும். "வீட்டுல எதை நிறுத்தப் பாக்கறீங்க? இங்க எதுவும் ஓடவே இல்லையே" என்பாள் மனைவி.

அவரைச் சிறந்த ஆசிரியர் என்று சொல்லிவிட முடியாது. பொறுமைசாலி, அது வேறு குணம். யாரையும் திட்டியதில்லை, யாரும் அவர் பக்கத்தில் அடிபட்டதில்லை. இந்த இரண்டையும் சேர்த்து ஊர் அவருக்கு நல்ல பெயர் கொடுத்தது. ஊர் கணக்குப் பார்த்தது இவ்வளவுதான். அவரும் அதற்குமேல் பார்க்கவில்லை.

இன்னொன்றும் உண்டு, ஊரறிந்த ரகசியம். லைசென்ஸ் டெஸ்ட் பள்ளியின் வண்டியில்தான் நடக்கும். பாதுகாப்புக்காகப் பயிற்சியாளர் பக்கத்து இருக்கையில் உட்காரலாம் என்பது விதி. அவர் பெடலைத் தொட்டால் ஓட்டுகிறவர் தோற்றார் என்பதும் விதி. ஆனால் அதிகாரி உட்காருவது பின் இருக்கையில். அங்கிருந்து யாருடைய காலும் தெரியாது. ஆகவே எல்லாப் பள்ளிக்காரர்களும் டெஸ்ட் நாளில் தேவைப்பட்ட இடத்தில் ஒரு சிறு அழுத்தம் கொடுப்பார்கள். தொழிலில் அதற்குத் துணைக்கால் என்று பெயர். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் முதல் தடவையிலேயே தேர்ச்சி என்று பள்ளியின் பலகையில் எழுதியிருந்தது. அதில் எத்தனை பேர் துணைக்காலில் நின்றவர்கள் என்று மெதுவா சார் எண்ணியதில்லை. பதற்றத்தில் தப்பு வருவது சகஜம், அப்புறம் பழகிக்கொள்வார்கள் என்பதுதான் அவர் தனக்குச் சொல்லிக்கொண்ட நியாயம். அது முழுப் பொய்யும் இல்லை.

அந்த வருடம் கற்றுக்கொள்ள வந்தவர்களில் ஒருத்தி அவருடைய அக்கா.

அக்காவுக்கு ஐம்பத்தேழு வயது. ஒரு பள்ளி அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அத்தானுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் காலை ஆறரைக்கு நகரத்தின் மறுகோடியிலுள்ள ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்ய இயந்திரத்தில் படுக்க வேண்டும். ஒரு வேளை தவறினால் கால் வீங்கும், இரண்டு வேளை தவறினால் மூச்சு வாங்கும். அவர்கள் வீடு ஊருக்கு வெளியே, புதிதாக முளைத்த வீட்டு வரிசையில் இருந்தது. அந்த நேரத்தில் கூப்பிட்டால் வாடகைக் கார் வருகிறேன் என்று சொல்லும், வராது. போன வருடம் அப்படி இரண்டு முறை வேளை தப்பிப்போனது. அதிலிருந்து எதிர்வீட்டுக்காரர்தான் அத்தானின் நீலக் காரை எடுத்துக் கூட்டிப்போய் வந்துகொண்டிருந்தார். அவருக்கு இப்போது வேறு ஊருக்கு மாற்றல். மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்கிறார்.

மெதுவா சார் வீடு நகரத்தின் இந்தக் கோடியில். ஆறு மணி வகுப்பை விட்டுவிட்டு நானே வருகிறேன் என்று அவர் சொன்னார். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. ஆறு மணி ஆளும் ஏழு மணி ஆளும் போனால் முதலாளி உன்னையும் போ என்பார் என்றாள். அது மட்டும் காரணமல்ல. ஒருவர் வாசலில் போய் நின்று காலையில் கதவைத் தட்டுவது எப்படி இருக்கும் என்று ஒரு வருடமாகப் பார்த்துவிட்டாள். அந்தக் கதவு தம்பியின் கதவானாலும் அவளுக்கு இனி வேண்டாம். "கார் நிக்குது, எனக்குக் கை கால் இருக்குது. நீ ஊருக்கெல்லாம் சொல்லிக்குடுக்கறே, எனக்கு மட்டும் என்ன மூளை கம்மியா?" என்றாள்.

டெஸ்ட் தேதி கிடைத்தது, எதிர்வீட்டுக்காரர் கிளம்புவதற்கு நான்கு நாள் முன்னால். அதை விட்டால் அடுத்த தேதி நாற்பது நாள் கழித்து.

அக்கா மோசமான மாணவி இல்லை. தட்டச்சு செய்த விரல்கள், கியர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்காமலே தெரிந்துகொண்டன. கண்ணாடிகளைப் பார்க்க யாரும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. ரவுண்டானாவில் எல்லோரும் குழம்பும் இடத்தில், முதலில் வலது பக்கம், வாத்தியார் சொன்ன மாதிரி, என்று முணுமுணுத்துக்கொண்டே சரியாகத் திரும்பினாள். மேம்பாலத்து ஏற்றத்தில் கைபிரேக்கை விட்டுக் கிளட்சைத் தூக்கும்போது வண்டி பின்னால் போகவில்லை. வகுப்பில் தம்பியைச் சார் என்றே கூப்பிட்டாள். கிண்டல்தான், ஆனால் முழுக்கக் கிண்டலும் இல்லை. நிறுத்த வேண்டிய இடத்திலெல்லாம் வண்டி நின்றது. பத்து நாளில் இவ்வளவு யாருக்கும் வராது என்று அவர் முதலாளியிடம் சொன்னார். அவர் யாரையாவது புகழ்வது அபூர்வம் என்பதால் முதலாளி நிமிர்ந்து பார்த்தார்.

பதினோராம் நாள் மதியம், இடைவேளையில், மருந்துக்கடை நடத்தும் ஒரு பெண்மணி பள்ளிக்கு வந்தார். நான்கு மாதம் முன்னால் அங்கே கற்று முதல் தடவையிலேயே தேறியவர். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. பெல்ட் அழுத்திய இடத்தில், தோளிலிருந்து குறுக்காக, ரவிக்கைக் கழுத்தோரம் ஒரு கன்றிய கோடு தெரிந்தது. சொந்தமாக வாங்கிய காரில் முதல் வாரமே ஒரு பேருந்து நிழற்குடையின் தூணில் போய் மோதியிருக்கிறார். நல்லவேளையாக அங்கே யாரும் நிற்கவில்லை.

அவர் சண்டைக்கு வரவில்லை. சண்டைக்கு வந்திருந்தால் மெதுவா சாருக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒரு சந்தேகம் கேட்க வந்திருந்தார். மெக்கானிக் காரின் பிரேக்கில் ஒரு குறையும் இல்லை என்கிறார். அப்படியானால் அது ஏன் நிற்கவில்லை? பள்ளி வண்டியில் மிதிப்பது போலத்தான் மிதித்தாராம். "உங்க வண்டியில காலை வச்சாலே நிக்குமே சார். இதுல நின்னுக்கிட்டு மிதிக்க வேண்டியிருக்கு. வண்டிக்கு வண்டி இவ்வளவு வித்தியாசம் இருக்குமா?"

இருக்கும், சில வண்டி கொஞ்சம் கெட்டியாக இருக்கும் என்று அவர் சொன்னார். அந்தப் பெண்மணி நன்றி சொல்லிவிட்டுப் போனார். மெதுவா சார் சுவரில் சாயும் நாற்காலியில் உட்கார்ந்து தன் வலது காலைப் பார்த்தார். நெடுநாள் கூடவே இருந்த ஒருவரைப் பற்றி வேறு யாரோ வந்து சொல்லக் கேட்ட மாதிரி இருந்தது.

அன்று மாலை அக்காவோடு போகும்போது அவர் ரோட்டைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். தண்ணீர்த் தொட்டித் திருப்பத்தில் அது கீழே போனது. மதில் முடியும் இடத்தில் போனது. ரவுண்டானாவுக்குள் நுழையும்போது இரண்டு முறை. எதையும் அவர் சொல்லிச் செய்யவில்லை. கால் தன் வேலையைச் செய்துமுடித்துவிட்டு மனதுக்குச் செய்தி அனுப்பியது. பழக்கம் என்பது நாம் செய்வதா நமக்கு நடப்பதா என்று புத்தகம் படிக்கிறவர்கள் பேசிக்கொள்ளலாம். அவருக்கு அன்று அது ஒரு பெடலும் ஒரு முட்டியுமாக இருந்தது. அக்கா நிறுத்திய ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் கால் முன்னால் போயிருந்தது. பத்து நாளில் அவளுக்கு என்ன வந்தது, என்ன வரவில்லை என்று அவருக்கு இப்போது தெரியாது.

மறுநாள் அந்த வலது காலை எடுத்து மடக்கி இருக்கையின்மேல் வைத்துக்கொண்டார். மேம்பாலத்து இறக்கத்தில் முன்னால் போன லாரி நின்றது. கால் எப்போது கீழே போனது என்று அவருக்கே தெரியாது, வண்டி நின்றிருந்தது. அதற்கடுத்த நாள் செருப்பைக் கழற்றிப் பின்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தார். வெறுங்காலும் போனது. மற்ற மாணவர்களிடமாவது கொஞ்சம் அடக்க முடிந்தது. அக்காவிடம் முடியவில்லை. வண்டிக்குள் இருப்பது அக்கா என்று காலுக்கும் தெரிந்திருந்தது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை அவளுடைய நீலக் காரையே எடுத்துக்கொண்டு, மூடிக்கிடந்த ஒரு கிடங்கின் காலி மைதானத்துக்குப் போனார்கள். அந்தக் காரில் பக்கத்தில் பெடல் இல்லை, ரப்பர் விரிப்பு மட்டும்தான். அவர் கிழிந்த அட்டைப்பெட்டி ஒன்றைத் தூரத்தில் வைத்து, முப்பது வேகத்தில் வந்து அதன் முன்னால் நிறுத்தச் சொன்னார். முதல் தடவை அட்டைப்பெட்டி காருக்கு அடியில் போனது. நான் மிதித்தேனே என்றாள் அக்கா. இன்னும் பலமாக, உதைக்கிற மாதிரி என்றார். இரண்டாவது தடவை பலமாகத்தான் மிதித்தாள். புதுக் கார் என்பதால் சக்கரம் வழுக்காமலிருக்க அதற்குள் ஒரு ஏற்பாடு இருக்கிறது. அவசரமாக மிதித்தால் பெடல் கடகடவென்று காலை உதறும். உதறியதும் அவள் பயந்து காலை எடுத்துவிட்டாள். பெட்டி மறுபடியும் அடியில். உதறினால் உடைந்துவிட்டது என்று அர்த்தமில்லை, வேலை செய்கிறது என்று அர்த்தம், உதற உதற அழுத்திக்கொண்டே இரு என்று சொன்னார். இருபத்திரண்டு வருடத்தில் இதை யாருக்கும் சொல்லவேண்டி வந்ததில்லை என்பது சொல்லும்போதுதான் அவருக்கு உறைத்தது.

பத்துத் தடவை செய்தார்கள். ஆறு தடவை நின்றது, நான்கு தடவை நிற்கவில்லை. பத்துத் தடவையும் அவர் கால் ரப்பர் விரிப்பை அழுத்தியது.

"தரைமேல உனக்கு என்ன தம்பி அவ்வளவு கோபம்?" என்று அக்கா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அவளும் நிறுத்திவிட்டாள். இன்ஜினை அணைத்து, கைபிரேக்கைப் போட்டு, சொல்லிக்கொடுத்த வரிசை மாறாமல் எல்லாம் செய்துவிட்டு, ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். முன்கண்ணாடிக்கு அப்பால் நசுங்கிய அட்டைப்பெட்டி கிடந்தது.

"எனக்கு வரல இல்ல?"

"பாதி வந்திருக்கு. மிச்சம் வர இன்னும் ஒரு மாசம் ஆகும்."

"ஒரு மாசம் அவர் எதுல போவாரு? டெஸ்ட் அன்னைக்கு நீ பக்கத்துலதானே இருப்பே. பாத்துக்குவே இல்ல?"

அவளுக்கும் துணைக்கால் தெரிந்திருந்தது. பள்ளியில் காத்திருக்கும் நேரத்தில் நாற்காலிகளில் பேசாத பேச்சில்லை.

"டெஸ்ட்ல பாத்துக்கலாம்க்கா. அதுக்கப்புறம் அந்தப் பக்கத்து சீட்டுல அத்தான்தானே உட்காருவாரு."

"வேளை தப்பினா என்ன ஆகும்னு நீ பார்த்ததில்ல. நான் பார்த்திருக்கேன்" என்றாள். அட்டைப்பெட்டியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வரச் சொன்னாள். திரும்பும்போது அவர்தான் ஓட்டினார்.

மீதமிருந்த நாட்களில் தினம் ஒரு மணி நேரம் அந்த மைதானத்துக்குப் போனார்கள். இருவருக்கும் உடம்பு அலுத்துப்போயிருந்தது. அவள் ஆஸ்பத்திரி நாற்காலியில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவாள், அவர் ஏழு பேரை முடித்துவிட்டு வருவார். பத்துக்கு ஏழு நின்றது. ஒருநாள் எட்டு. மறுநாள் மறுபடியும் ஆறு. எண்ணிக்கை ஏறுகிறதா என்று பார்ப்பதை அவர் விட்டுவிட்டார். ஒரு தடவை நிற்காவிட்டாலும் நிற்காததுதான். முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னபோது, ஊரான் பிள்ளைக்கெல்லாம் கால் கொடுத்தீர்கள், உடன்பிறந்தவளுக்கா யோசிக்கிறீர்கள் என்று அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். மனைவி அவர் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட்டுப் போய்ப் படுத்தாள்.

டெஸ்ட் நாளன்று அக்கா பத்து மணிக்கு வந்தாள். அதிகாரி கண்ணாடி போட்ட, களைத்த முகம் கொண்ட மனிதர். அன்று காலையில் அவர் பார்க்கும் பதினான்காவது ஆள் அக்கா. பின் இருக்கையில் ஏறி, மடியில் அட்டையை வைத்து, பெயரைச் சரிபார்த்தார். அவரும் மெதுவா சாரும் பத்து வருடமாக ஒருவரையொருவர் அறிவார்கள். அறிவார்கள் என்றால், ஒருவர் முதுகை மற்றவர் அறிவார், ஒருவர் குரலை மற்றவர் அறிவார்.

அக்கா எல்லாம் சரியாகச் செய்தாள். இருக்கையை இழுத்தாள், கண்ணாடிகளைத் திருப்பினாள், பெல்ட்டை இடுப்பெலும்பில் படியவைத்தாள். தண்ணீர்த் தொட்டியில் திரும்பினாள், மதிலோரம் ஒழுங்காகப் போனாள், ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தாள். வண்டியைப் பின்னால் எடுத்து இரண்டு கம்பங்களுக்கு நடுவில் விட்டாள். மெதுவா சார் இரண்டு கையாலும் தன் வலது முட்டியைப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தார். பார்க்கிறவர்களுக்கு வலி என்று தோன்றும். வலியும் இருந்தது.

திரும்பும் வழியில், ஓரத்தில் நின்ற லாரிக்குப் பின்னாலிருந்து, தோளில் ஏணியோடு ஒரு பெயிண்டர் சட்டென்று ரோட்டில் இறங்கினார். ஏணியின் முனைதான் முதலில் தெரிந்தது. பிடித்திருந்த கைகளை உதறிக்கொண்டு மெதுவா சாரின் கால் பெடலுக்குப் போனது. வண்டி குலுங்கி நின்றது. கிளட்சை யாரும் மிதிக்காததால் இன்ஜினும் உதறி அணைந்தது. ஏணிக்கும் காருக்கும் நடுவில் ஒரு கை அகலம்தான் இருந்தது. பெயிண்டர் மன்னிப்பு கேட்கிற மாதிரி ஒரு கையைத் தூக்கிவிட்டு எதிர்ப்பக்கம் போனார்.

அக்காவின் காலும் பெடலின்மேல்தான் இருந்தது, அடிவரை. அவள் முதலில் மிதித்தாளா, அவர் மிதித்ததில் அவள் கால் கூடவே இறங்கியதா என்று உலகத்தில் யாராலும் சொல்ல முடியாது. மைதானத்தில் நின்ற ஆறில் இதுவும் ஒன்றா, நிற்காத நான்கில் ஒன்றா? இரண்டு கால், ஒரு கம்பி. கம்பிக்கு வித்தியாசம் தெரியாது.

அதிகாரி அட்டையில் எதையோ எழுத ஆரம்பித்தார். நல்லபடியாக எழுதுகிற முகம்தான் என்று கண்ணாடியில் அக்கா பார்த்தாள்.

"பிரேக் போட்டது நான் சார்" என்றார் மெதுவா சார்.

பேனா நின்றது. அதிகாரி நிமிரவில்லை. பதினான்காவது ஆள், இன்னும் பதினாறு பேர் வெளியே காத்திருந்தார்கள். சில விநாடிகள் கழித்து, "இன்ஜின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. ஏதாவது சொன்னீங்களா?" என்றார்.

இன்ஜின் அணைந்து கிடந்தது. தெருக்கோடியில் யாரோ தண்ணீர்க் குழாயை மூடும் சத்தம்கூடக் கேட்டது. அக்கா தம்பி பக்கம் திரும்பி, வாயைத் திறக்காமல், தலையை மட்டும் மெல்ல ஆட்டினாள், வேண்டாம் என்று.

அதன் பிறகு நடந்தவற்றை எல்லோரும் அறிவார்கள். எதிர்வீட்டுக்காரர் கிளம்பியதிலிருந்து அடுத்த தேதி வரும்வரை, ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளெல்லாம் விடியுமுன் அவர் நகரத்தைக் கடந்துபோய் அத்தானை நீலக் காரில் ஏற்றிச் சென்றார். ஒரு வேளையும் தப்பவில்லை. ஆறு மணி வகுப்பும் ஏழு மணி வகுப்பும் வேறு ஆளுக்குப் போயின. அந்த நாட்களில் அக்கா பின் இருக்கையில்தான் உட்கார்ந்தாள், தேவைக்கு மேல் பேசவில்லை. நாற்பது நாள் கழித்து வேறொரு பள்ளியின் வண்டியில், வேறொருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவள் தேறினாள். அங்கே யார் கால் எங்கே இருந்தது என்று அவர் கேட்கவில்லை. ஏன் அப்படிச் செய்தாய் என்று அக்கா ஒரே ஒரு தடவை கேட்டாள், முதலாளி பல தடவை கேட்டார், மனைவி கேட்கவே இல்லை. யாருக்கும் அவர் பதில் சொல்லவில்லை. அத்தானின் உயிருக்குப் பயந்தா, மருந்துக்கடைப் பெண்மணியின் மாவுக்கட்டை நினைத்தா, வெறும் களைப்பிலா, இல்லை அந்த ஒரு தடவையாவது யார் நிறுத்தியது என்று தெரிந்துவிட வேண்டும் என்றா? கால் செய்ததைப் பழக்கம் என்று விட்டுவிடலாம். முதல் தடவை சொன்னதையும் வாய் தவறியது என்று விடலாம். அதிகாரி அதற்குத்தான் வழி விட்டுக்கொடுத்தார்.

அன்று, அணைந்து கிடந்த அந்த வண்டியில், மெதுவா சார் பெல்ட்டைக் கழற்றினார். இருக்கையில் முழுதாகத் திரும்பி, பத்து வருடத்தில் முதல் தடவையாக அதிகாரியின் முகத்தைப் பார்த்து, அதே வார்த்தைகளை, கொஞ்சம் உரக்க, மறுபடியும் சொன்னார்.